அரைக் கட்டை

கந்தர்வக்கோட்டைப் பக்கம் ஒரு கோயில் திருவிழா நாடகத்தில் பிரகதாம்பாளுக்குக் குரல் உடைந்தது. கதாநாயகனான ராஜபார்ட்டோடு அவள் தர்க்கம் செய்கிற இடம். மேல் ஸ்தாயியில் காந்தாரத்தைத் தொட்டுவிட்டு இறங்க வேண்டிய பாட்டு. பதினாலு வருஷமாக நாயகி வேஷமான ஸ்திரீபார்ட் கட்டுகிறவளுக்கு அது ஒன்றும் பெரிய ஏற்றமில்லை. அன்றைக்குப் பாதி வழியிலேயே தொண்டை பிளந்து வெறும் காற்று வந்தது. பாயில் படுத்திருந்தவர்கள்கூட எழுந்து உட்கார்ந்து பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

அந்த நொடியில் அவள் மேடை ஓரத்தைப் பார்த்தாள். ஆர்மோனியக்காரர் ஆவுடையப்பன் தலையைக் குனிந்து வாசித்துக்கொண்டிருந்தார். அவர் விரல் ஐந்தாம் கட்டையில்தான் இருந்தது.

ஆர்மோனியத்தில் ஒவ்வொரு கட்டைக்கும் எண் உண்டு; வெள்ளைக் கட்டைக்கு முழு எண், இடையிலிருக்கும் கறுப்புக் கட்டைக்கு அரை. எந்தக் கட்டையைச் 'சா' என்று பிடித்துக்கொண்டு பாடுகிறோமோ அதுதான் சுருதி. பிரகதாம்பாளுடைய சுருதி ஐந்து கட்டை. 'அஞ்சு கட்டை பிரகதாம்பாள்' என்றுதான் நோட்டீசில் போடுவார்கள். அவளைக் கேட்டு வருகிற ஊர்க்காரர்களுக்கு அவள் முகத்தைவிட அந்த ஐந்துதான் தெரியும்.

மறுநாள் காலை புதுக்கோட்டை பஸ்ஸில் ஆவுடையப்பன் இடப்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அவருக்கு வலப்பக்கம், நடைபாதைக்கு இந்தப் புறம் அவள். முந்திரித் தோப்புகள் ஓடிக்கொண்டிருந்தன.

"அண்ணே, ராத்திரி எதுல வாசிச்சீங்க?"

அவர் திரும்பவில்லை.

"அண்ணே, ஒங்களைத்தான்."

முன்சீட்டிலிருந்த ராஜபார்ட் எட்டி அவர் தோளைத் தட்டியபிறகு திரும்பினார். அவள் மூன்றாம் தடவையாகக் கேட்டாள்.

"அஞ்சுலதான். ஒனக்கு நான் எப்ப வேற கட்டையில வாசிச்சிருக்கேன்?"

"மேல போகவே இல்லைண்ணே."

"ஒடம்பு சரியில்லாம இருக்கும். சுக்கு தட்டிப் போட்டுக் குடி."

சொல்லிவிட்டு மறுபடியும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பதினோரு வருஷமாகக் கூட வாசிக்கிறவர். அவள் வாய் திறக்கும் முன்பே அவள் எங்கே போகப்போகிறாள் என்று தெரிந்து அங்கே போய் நிற்கிற மனுஷன். குரல் உடைந்த மறுநாள் இவ்வளவுதானா பேசுவார்? பிரகதாம்பாளுக்கு அப்போது விழுந்ததுதான் அந்த முதல் முள்.

அந்த வாரமே ஏஜெண்ட் ஆண்டியப்பன் வீடு தேடி வந்தார். நாடகங்களுக்கு ஆள் பேசிவிடுகிறவர் அவர்தான். வெயிலில் வந்த களைப்பு தீரத் தண்ணீர் குடித்துவிட்டு, செம்பைக் கீழே வைக்காமலே பேசினார்.

"அரிமளத்து ஆளுக அழகியைக் கேக்குறாகம்மா. போட்டுட்டேன். தப்பா நெனச்சுக்காத."

"எனக்குப் பேசுன ஊருதானேங்க அது?"

"பேசுன ஊருதான். கந்தர்வக்கோட்டைச் சேதி அங்கிட்டெல்லாம் போயிருச்சுல்ல. ஒனக்கும் முப்பத்தேழு முப்பத்தெட்டு ஆகுது. அந்தப் புள்ளைக்கு ஆறு கட்டை அனாயாசமாப் போகுது."

அழகிக்கு இருபத்திரண்டு வயது. நாடகத்துக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. பிரகதாம்பாளைப் பார்த்தால் ஒதுங்கி நின்று வழிவிடுவாள். அந்த மரியாதை இத்தனை நாள் இவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது.

இரண்டு நாள் கழித்துத் திருக்கோகர்ணத்தில் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, ஆவுடையப்பன் வீட்டிலிருந்து அழகி இறங்கி வருவதைப் பார்த்தாள். கையில் பாட்டு நோட்டு இருந்தது. பிரகதாம்பாளைக் கண்டதும் அந்தப் பெண் நோட்டை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். கும்பிட்டாள். நிற்காமல் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு பிரகதாம்பாளால் ஆவுடையப்பனைப் பழையபடி பார்க்க முடியவில்லை. ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது. போன சித்திரையிலிருந்தே அவர் மாறிவிட்டார். கூப்பிட்டால் பேசுவதில்லை. வேஷம் கட்டும்போது வந்து, "இன்னைக்கு எப்படி இருக்கு தொண்டை?" என்று கேட்பார், அதை நிறுத்திவிட்டார். மேடையில் இத்தனை வருஷம் உட்கார்ந்த பக்கத்தை விட்டு மறுபக்கம் ஆர்மோனியப் பெட்டியை மாற்றிக்கொண்டார். கேட்டதற்குக் காற்று அடிக்கிறது என்றார். துருத்தியை முன்னைவிட ஓங்கி அமுக்குகிறார். பாடுகிறவள் குரலை மூழ்கடிக்க வேண்டும் என்பதுபோல. தனித்தனியாக ஒன்றுமில்லாதவை. எல்லாவற்றையும் கோத்துப் பார்த்தால் ஒரே திசையில் போயின.

அந்தச் சமயத்தில் டவுன் கொட்டகையில் ஒரு புதுப் படம் வந்தது. புதுப் படத்தின் மெட்டைப் பிடித்து, அதில் நாடகத்துக்குத் தகுந்த வார்த்தையைப் போட்டுப் பாடினால் ஜனங்கள் துண்டைத் தூக்கிச் சுற்றுவார்கள். அதனால் புதுப் படம் வந்தால் அவளும் ஆவுடையப்பனும் மத்தியானக் காட்சிக்குப் போய்விடுவது வழக்கம். அன்றைக்கும் போனார்கள். பிரகதாம்பாள் பெண்கள் பக்கம் மணலில் உட்கார்ந்தாள். அவர் ஆண்கள் பக்கம் பெஞ்சில்.

பாட்டைக் காதால் பிடிப்பதற்கு அவர்களிடம் ஒரு முறை இருந்தது. முதலில் வார்த்தையைக் கவனிக்கக் கூடாது. பாட்டு எங்கே சுற்றினாலும் கடைசியில் ஓர் இடத்தில் வந்து உட்காரும். அதுதான் சா. அதை மனசுக்குள் பிடித்து நிறுத்திக்கொள்ள வேண்டும். பிறகு அங்கிருந்து படி படியாக ஏறிப்போய், பாட்டு எந்தப் படியை மிதிக்கிறது, எதைத் தாண்டுகிறது என்று பார்க்க வேண்டும். ஏழும் தெரிந்துவிட்டால் ராகம் தெரிந்துவிடும். ஆவுடையப்பனுக்கு அதற்கு ஒரு சரணம்கூட ஆகாது. இடைவேளையில் முறுக்கு வாங்க வரும்போதே சொல்லிவிடுவார்.

அன்றைக்கு இடைவேளையில் அவர் ஒன்றும் சொல்லவில்லை. படம் விட்டு வெளியே வந்து, ஆலமரத்தடி வரைக்கும் நடந்தபிறகு, "ஒனக்கு எந்த ராகத்துல வருது?" என்று கேட்டார்.

பதினோரு வருஷத்தில் அவர் அவளை முதலில் சொல்லச் சொன்னதில்லை. என்னத்துக்கு ஆழம் பார்க்கிறார்?

"நீங்க சொல்லுங்க. நான் எங்க கவனிச்சேன்," என்றாள்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "கரகரப்பிரியா. ஒனக்கு அஞ்சுல எடுத்தா சுகமா இருக்கும்."

பிரகதாம்பாள் சரியென்று தலையசைத்தாள். அந்தப் பாட்டு கரகரப்பிரியா இல்லை. கொட்டகைக்குள்ளேயே மூன்று தடவை படி ஏறிப் பார்த்துவிட்டாள். கரகரப்பிரியாவுக்கும் நடபைரவிக்கும் ஆறு சுரம் ஒன்றேதான். 'த' என்கிற தைவதம் மட்டும் நடபைரவியில் அரைப் படி கீழே, பஞ்சமத்தை ஒட்டி நிற்கும். அந்தக் கீழ்த் தைவதத்தில்தான் பாட்டின் அழுகையே இருந்தது. அது தெரியாமல் போகிற ஆள் இல்லை ஆவுடையப்பன். தெரிந்தே மாற்றிச் சொல்கிறார் என்றால், ஆயிரம் பேருக்கு முன்னால் அவர் ஒரு தைவதத்தை வாசிக்க, அவள் இன்னொரு தைவதத்தைப் பாட, அவள்தான் அபசுரம் என்று ஊர் சொல்லும். மேல் கட்டையும் எட்டவில்லை, சுரமும் நிற்கவில்லை என்றால் அப்புறம் யார் கூப்பிடுவார்கள்?

முதலில் அவள் தன் தொண்டையைத்தான் சந்தேகப்பட்டிருந்தாள். இப்போது பெட்டியைச் சந்தேகப்பட்டாள்.

ஒத்திகை இருக்கிற வாரங்களில் ஆவுடையப்பன் பெட்டியை நடிகர் சங்கக் கூடத்திலேயே வைத்துவிட்டுப் போவார். பகல் வேளையில் அங்கே யாரும் இருக்கமாட்டார்கள். பிரகதாம்பாள் ஒருநாள் பத்து மணி வாக்கில் போய், கதவை உள்ளே சாத்திக்கொண்டு, பெட்டியின் மேல்பலகையைக் கழற்றினாள். உள்ளே ரீடுகள் வரிசையாக இருந்தன. சன்னமான பித்தளை நாக்குகள். காற்று பட்டு அதிர்ந்து அவைதான் சுரம் சொல்லும். நாக்கின் நுனியைச் சுரண்டினால் சுரம் ஏறும், அடியைச் சுரண்டினால் இறங்கும் என்று அவளுக்குத் தெரியும். பழைய பித்தளை கறுத்துப் போயிருந்தது. ஆனால் ஒவ்வொரு நாக்கின் நுனியும் புதுசாகப் பளிச்சென்று மின்னியது. ஒன்று இரண்டு இல்லை. எல்லாமே சுரண்டப்பட்டிருந்தன.

பலகையைப் பழையபடி மூடினாள். சுரண்டியிருப்பது தெரிந்துவிட்டது. எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தெரிய வேண்டும். ஊரில் வேறு ஆர்மோனியக்காரர்கள் இருந்தார்கள். அவர்களிடம் போய்க் கேட்டால் சாயங்காலத்துக்குள் விஷயம் ஆவுடையப்பனுக்குப் போய்விடும். அவர்களையும் அவள் நம்பவில்லை.

அவள் தெருவில் இன்னாசியம்மாள் என்று ஒரு டீச்சர் இருந்தாள். கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் பாட்டு வகுப்பு எடுக்கிறவள். அங்கே காலால் மிதித்து வாசிக்கிற பெரிய ஆர்மோனியம் ஒன்று இருந்தது. கப்பலில் வந்த பெட்டி. வருஷத்துக்கு ஒரு முறை திருச்சியிலிருந்து ஆள் வந்து சுருதி பார்த்துவிட்டுப் போவான். பிரகதாம்பாள் ஒரு சனிக்கிழமை அங்கே போனாள்.

"எனக்கு ஒண்ணு மட்டும் வேணும் டீச்சர். இதுல அஞ்சாம் கட்டையை அமுக்கிக்கிட்டே இருங்க. நான் பாடிப் பாக்குறேன்."

இன்னாசியம்மாள் காரணம் கேட்கவில்லை. கட்டையை அமுக்கி, காலால் மிதித்துக்கொண்டே இருந்தாள். பிரகதாம்பாள் சாவைப் பிடித்தாள். அங்கிருந்து ஏறினாள். மேல் சா, மேல் ரி, மேல் காந்தாரம். தடையில்லாமல் போனது. காந்தாரத்தில் நின்றுவிட்டு இறங்கினாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"நல்லாத்தானே இருக்கு," என்றாள் இன்னாசியம்மாள்.

"நல்லாத்தான் இருக்கு டீச்சர். அதான் தெரியணும்னு வந்தேன். இன்னொரு தடவை அந்தச் சாவை மட்டும் குடுங்க. நான் அப்படியே எடுத்துட்டுப் போறேன். பின்னாடியே கூப்புடாதீக, நான் பதில் சொல்ல மாட்டேன்."

அந்தச் சாவை வாங்கிக்கொண்டு, உதட்டை மூடி, மூக்கால் முனகியபடியே மடத்திலிருந்து வெளியே வந்தாள். சங்கக் கூடத்துக்கு ஒரு மைல் இருக்கும். மூச்சு வாங்கும்போது மட்டும் விட்டு, உடனே பிடித்துக்கொண்டாள். ஜட்காக்காரன் ஒருவன் மணியடித்துக்கொண்டு போனான். அதன் சுருதி வந்து மோதியது, காதைப் பொத்திக்கொண்டாள். பூக்காரி, "என்னக்கா, நாடகம் எந்த ஊருல?" என்று கேட்டாள். நிற்காமல் போனாள். கீழராஜ வீதி முனையில் ஆண்டியப்பன் சைக்கிளிலிருந்து இறங்கி, "அம்மா, ஒரு சேதி," என்றார். அவரையும் தாண்டிப் போனாள். அவர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

கூடத்துக்குள் போய் உட்கார்ந்தாள். முனகலை விடாமலே துருத்தியைத் திறந்து, ஐந்தாம் கட்டையை அமுக்கினாள். பெட்டியின் சுரம் அவள் தொண்டையிலிருந்த சுரத்துக்கு மேலே நின்றது. இரண்டும் உரசின. அரைக் கட்டை கீழே இறங்கி நாலரையை அமுக்கினாள். தொண்டையும் பெட்டியும் ஒன்றாகிவிட்டன. எது தன் குரல், எது பெட்டி என்று அவளுக்கே பிரிக்கத் தெரியவில்லை.

அரைக் கட்டை ஏற்றியிருக்கிறார். ஐந்து என்று சொல்லி ஐந்தரையில் அவளைப் பாடவைத்திருக்கிறார். ஒரு தடவை தப்பாகப் போயிருக்கலாம் என்று மறுபடியும் மடத்துக்கு நடந்தாள். மறுபடியும் கொண்டுவந்தாள். அப்போதும் நாலரையில்தான் போய் உட்கார்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்கம் கூடியபோது பிரகதாம்பாள் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னாள். குரல் நடுங்கவில்லை. ரீடு சுரண்டியது, அரைக் கட்டை ஏறியது, ராகத்தை மாற்றிச் சொன்னது, அழகி அவர் வீட்டுக்குப் போய்வந்தது. அழகி சுவரோரம் நின்றுகொண்டு அழ ஆரம்பித்தாள். தலைவர் இன்னொரு ஆர்மோனியத்தைக் கொண்டுவரச் சொன்னார். இரண்டு பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஐந்தாம் கட்டையைச் சேர்த்து அமுக்கினார்கள். கூடத்திலிருந்த அத்தனை பேருக்கும் பல் கூசியது. மிருதங்கக்காரர், "இதுக்கு ஏத்தி இழுத்துக் கட்டித்தான் இந்த வருசம் எனக்கு ரெண்டு தோலு கிழிஞ்சுச்சு," என்றார்.

ஆவுடையப்பன் பெட்டிகளைப் பார்க்கவில்லை. ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுரண்டுனது யாருங்க?" என்று தலைவர் கேட்டார்.

"நான்தான்."

"எதுக்கு?"

தலைவர் குரலை உயர்த்தி மறுபடியும் கேட்டார். ஆவுடையப்பன் வேட்டி மடிப்பைச் சரிசெய்துகொண்டு நின்றார். அப்புறம் பிரகதாம்பாள் பக்கம் திரும்பி, மெதுவாக, "நடபைரவியா அது?" என்று கேட்டார்.

"ஆமா," என்றாள் அவள். "ஒங்களுக்குத் தெரியாதாக்கும்."

ஒரு வருஷம் சங்கத்து நாடகம் எதிலும் ஆவுடையப்பன் வாசிக்கக் கூடாது என்று முடிவாயிற்று. அவர் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு தனியாக வெளியே போனார். ஆண்டியப்பன் பிரகதாம்பாளிடம் வந்து, அரிமளத்தை அவளுக்கே போட்டுவிடுவதாகச் சொன்னார்.

அன்றைக்கு அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இரண்டாம் நாள்தான் அந்தக் கேள்வி திரும்பி வந்தது. நடபைரவியா அது? சதி செய்கிறவன் பிடிபட்டால் மறுப்பான், கோபப்படுவான், காலில் விழுவான். இந்த மனுஷன் ராகத்தைக் கேட்டார். அதுவும் நிஜமாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல. நடிப்பாக இருக்குமா என்று யோசித்தாள். பதினோரு வருஷமாக நடிகர்களோடு இருக்கிறவருக்கு நடிக்கத் தெரியாது என்பதும் அவளுக்குத் தெரியும்.

புதன்கிழமை அவர் வீட்டுக்குப் போனாள். கூடத்தில் அவர் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். மடியில் முறம், முறத்தில் முந்திரிக்கொட்டை. "அண்ணே," என்றாள். கொட்டையை உடைத்துக்கொண்டே இருந்தார். இன்னும் உரக்கக் கூப்பிட்டாள். முறத்தில் பருப்பு விழுகிற சத்தம்தான் வந்தது. கோபத்தில் வாயைத் திறக்காமல் இருக்கிறார் என்று நினைத்துத் திரும்பப் போனபோது, அவர் மனைவி காத்தாயி கொல்லைப்புறமிருந்து வந்தாள். கையெல்லாம் சாம்பல்.

"எடது பக்கமாப் போயி நின்னு கூப்புடு," என்றாள். "வலது பக்கம் நின்னு நீ செத்தாலும் தெரியாது அவருக்கு."

பிரகதாம்பாளுக்குச் சொன்னது முதலில் விளங்கவில்லை.

"போன சித்திரையில கட்டுமாவடிப் பக்கம் போனீகள்ல நாடகத்துக்கு. மேடைக்குப் பக்கத்துல அதிர்வேட்டுப் போட்டான்ல. அன்னைக்குப் போனது. நாலு மாசம் ரீங்காரம். அப்புறம் அதுவும் இல்லை. வெளியில மூச்சு விடக்கூடாதுன்னு என் தலையில அடிச்சுச் சத்தியம் வாங்குனாரு. நீ சங்கத்துல நின்னு பேசுனேன்னு கேள்விப்பட்டதும் நானே வந்து எல்லார்கிட்டயும் சொல்லியிருப்பேன். விடலை."

ஆவுடையப்பன் நிழலைப் பார்த்துத் திரும்பிவிட்டார். இருவர் முகத்தையும் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. முறத்தை நகர்த்தி வைத்தார். காத்தாயியை உள்ளே போகச் சொல்லிக் கையைக் காட்டினார். அவள் போகவில்லை.

பிரகதாம்பாள் அவருக்கு இடப்பக்கம் வந்து உட்கார்ந்தாள்.

"ஏண்ணே என்கிட்ட சொல்லலை?"

"என்னத்தைச் சொல்ல. வலது காது முழுக்கப் போயிருந்தா தேவலையே. உள்ளுக்குள்ள கொஞ்சம் கேக்குது. கேக்குறது எறங்கிக் கேக்குது. எடது காதுல ஒரு சா, வலது காதுல ஒரு சா. எது நெசம்னு எனக்குத் தெரியலை. பெட்டி எறங்கிருச்சுன்னு நெனச்சுச் சுரண்டுனேன். மறுபடியும் எறங்குன மாதிரி இருக்கும். மறுபடியும் சுரண்டுவேன்."

"படத்துப் பாட்டு?"

"சன்னமா வாரது எதுவும் புடிபடலை. அழகியை வரச்சொல்லி இந்தப் பக்கம் உக்காரவச்சுப் பாடச் சொல்லுவேன். அதுக்கும் நெசக் காரணம் தெரியாது. ஒனக்குச் சொல்லிக் குடுக்கத்தான் கேக்குறேன்னு சொன்னேன். ஒங்கிட்ட சொல்லக்கூடாதுன்னும் சொன்னேன். பாவம், அந்தப் புள்ளை."

பிரகதாம்பாள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சங்கத்துலயாவது சொல்லியிருக்கலாம்ல. துரோகின்னு பேரு வாங்கிட்டு வந்து உக்காந்திருக்கீங்க."

"துரோகின்னா ஒரு வருசம் கழிச்சுக் கூப்புடுவான். செவிடன்னா கூப்புடவே மாட்டான்."

காத்தாயி சுவரில் சாய்ந்து நின்றவள் அப்படியே உட்கார்ந்தாள். பிரகதாம்பாளுக்குத் தான் கண்டுபிடித்தது ஒன்றுகூடத் தப்பில்லை என்பதுதான் தாங்க முடியாமல் இருந்தது. பெட்டி ஏறியிருந்தது நிஜம். ராகம் மாறியிருந்தது நிஜம். கூப்பிட்டால் பேசாததும் நிஜம். அந்த மனுஷனை மட்டும் தப்பாகப் பிடித்திருந்தாள்.

"சொல்லிப்புடாத," என்றார் அவர். அவள் தலையசைத்தாள். அது என்ன அர்த்தத்தில் என்று அவளுக்கே அப்போது தெரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் அவள் மறுபடியும் எழுந்தாள். பெட்டியை ஏற்றச் சொன்னது தான்தான் என்றாள். அழகிக்கு ஆறு கட்டை போகிறது என்ற வயிற்றெரிச்சலில், அரைக் கட்டை ஏற்றிப் பழகிக்கொள்ளலாம் என்று தானே கேட்டதாகவும், எட்டாமல் போனதும் பழியை அவர்மேல் போட்டதாகவும் சொன்னாள். ராகமும் தான்தான் தப்பாகக் கேட்டது என்றாள்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போன வாரம் ஒண்ணு சொன்னே. இந்த வாரம் ஒண்ணு சொல்றே. எதைம்மா நம்புறது?"

"இதை நம்புங்க."

"அவரு ஏன் அன்னைக்கே சொல்லலை?"

"என்னைக் காட்டிக் குடுக்க வேண்டாம்னு இருந்திருப்பாரு."

நம்பினார்களா என்பது வேறு. ஆவுடையப்பன் மேலிருந்த தடையை எடுத்தார்கள். அரிமளம் மறுபடியும் அழகிக்குப் போயிற்று. அதற்குப் பிறகு பிரகதாம்பாள் கூடத்துக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். மற்ற ஆர்மோனியக்காரர்கள் அவளுக்கு வாசிக்கத் தயங்கினார்கள். வாசித்தாலும், "இதுதான் அஞ்சு, எல்லாரும் பாத்துக்கங்க," என்று மேடையேறுமுன் பத்துப் பேருக்கு அமுக்கிக் காட்டிவிட்டுத்தான் உட்கார்வார்கள்.

ஆவுடையப்பனுக்கு நன்றி எதுவும் வரவில்லை. கோபம்தான் வந்தது. "யாரு ஒன்னைய அப்படிச் சொல்லச் சொன்னா? என்னால ஒன் பொழப்பும் போச்சு இப்ப," என்றார். ஒரு மாசம் அவளோடு பேசவில்லை. பிறகு ஒருநாள் மத்தியானம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவரே அவள் வீட்டுக்கு வந்தார். வலது காதில் பஞ்சை அடைத்திருந்தார். இரண்டு பேரும் உட்கார்ந்து ரீடுகளைச் சரிசெய்தார்கள். அவர் நாக்கின் அடியைச் சுரண்டுவார். அவள் இன்னாசியம்மாளிடமிருந்து கொண்டுவந்த சாவை வைத்துக்கொண்டு, "இன்னும்," என்பாள், "இன்னும் கொஞ்சம்," என்பாள், "நிறுத்துங்க," என்பாள். முப்பத்தேழு கட்டைக்கும் நாலு நாள் ஆயிற்று. சில நாக்குகள் சன்னமாகிப்போய் முறிந்துவிட்டன. மாற்றினார்கள்.

அப்புறம் மூன்று வருஷம் அவர் அவளுக்கு வாசித்தார். புதுப் படம் வந்தால் அவள் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்து ராகத்தையும் கட்டையையும் சொல்லுவாள். மேடையில் அவர் தன் பழைய ஞானத்தை வைத்துக்கொண்டு விரலால் சமாளித்தார். யாரும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்தவர்கள் சொல்லவில்லையோ என்னவோ. அறுபதில் இடது காதும் மந்தமானபோது, தானாகவே பெட்டியை மூடிவிட்டு, காத்தாயியின் அண்ணன் தோப்பைப் பார்த்துக்கொள்ளக் கட்டுமாவடிப் பக்கம் போய்விட்டார். அதற்குள் பிரகதாம்பாளும் நாயகி வேஷத்தை விட்டுவிட்டுத் தாய் வேஷம் கட்டத் தொடங்கியிருந்தாள். நாலரைக் கட்டை. அது போதுமானதாக இருந்தது.

அவர் ஊரைவிட்டுப் போன ஆறாம் மாசம், ஒரு சாயங்காலம் அழகி அவள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கூடத்தில் அழகி அழுத அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு இருவரும் பேசிக்கொண்டதில்லை. மேடையில் தாயும் மகளுமாக நிற்பார்கள். இறங்கினால் ஆளுக்கொரு பக்கம்.

"அக்கா, ஒரு பாட்டு. ரேடியோவுல கேட்டேன். சா எங்க இருக்குன்னே புடிபடலை. எங்க போயி உக்காந்தாலும் அடுத்த அடியில அங்கிட்டு இருக்க விடமாட்டேங்குது."

பிரகதாம்பாள் அவளையே பார்த்தாள். ஊரில் ஐந்தாறு ஆர்மோனியக்காரர்கள் இருக்கிறார்கள். இவள் எதற்கு இங்கே வருகிறாள்? தப்பாகச் சொல்லவைத்து, நாளைக்குக் கூடத்தில் சொல்லிச் சிரிக்கவா?

"யாரு ஒன்னைய இங்க அனுப்புனது?"

"ஆவுடையப்பண்ணன்தான். போன வாரம் கட்டுமாவடிப் பக்கம் நாடகம். பாக்கப் போயிருந்தேன். சிலேட்டுல எழுதிக் காட்டித்தான் பேசணும் இப்ப. அவருதான் சொன்னாரு, காதால புடிக்கிறதுல ஒங்களுக்கு மேல இங்க யாரும் இல்லைன்னு. மூணு வருசமா அவருக்கே நீங்கதான் சொன்னீங்களாம்."

"அவரு சொன்னாரா அதை?"

"எல்லாத்தையும் சொன்னாரு," என்றாள் அழகி. தலையைக் குனிந்துகொண்டாள். "சங்கத்துல நீங்க ரெண்டாந்தடவை எந்திரிச்சுப் பேசுனதையும்."

பிரகதாம்பாள் உள்ளே போய்ப் பாயை எடுத்துவந்து போட்டாள்.

"உக்காரு," என்றாள். "வார்த்தை வேண்டாம். வெறுமனே பாடு. நிறுத்தாம ரெண்டு தடவை பாடு."

அழகி பாடினாள். பிரகதாம்பாள் கண்ணை மூடிக்கொண்டு, பாட்டு எங்கே வந்து உட்காருகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.